மேலூர்ப் பூட்டும் கீழூர்க் கம்பமும்

1

தபால் பெட்டியில மஞ்சளா ஒரு காகிதம் கிடந்தது. புதன்கிழமை காலையில பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எங்க தெருவுல தண்ணி வராது, வால்வு மாத்தறோம், சிரமத்துக்கு மன்னிக்கணும். சேதி அவ்வளவுதான். ரெண்டே ரெண்டு மணி நேரம்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமுங்களா? புதன்கிழமை விடிஞ்சதும் ஊட்ல இருக்கற பாத்திரம் அத்தனையும் நிரப்பிட்டேன். குக்கர், இட்லிக் குண்டா, பால் காய்ச்சற கிண்ணம், ஊர்லிருந்து துணிக்குள்ள சுத்தித் தூக்கிட்டு வந்த எவர்சில்வர் குடம், எல்லாம். பத்தாதுன்னு குளிக்கற தொட்டியையும் விளிம்பு வரைக்கும் நிரப்பி வெச்சேன். பல்லு விளக்க வந்த என் மக நிலா அப்படியே நின்னுட்டா.

"அம்மா, ரெண்டு மணி நேரம்தான். ஊரைக் காலி பண்ணச் சொல்லல"ன்னா, ஜெர்மன்ல. பதினஞ்சு வயசு. நான் தமிழ்ல பேசினா அவளுக்குப் புரியும், பதில் மட்டும் ஜெர்மன்லதான் வரும்.

"நீ போயி உன் சோலியப் பாரு"ன்னு கத்திட்டேன். அவ தோளைக் குலுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டா.

பாவம், அவ என்ன பண்ணுவா. எனக்குக் கோபம் அவ மேல இல்லை. அன்னைக்குப் பொழுதோட, வெயில் தணிஞ்சதும், எங்க ஊர் மாரியம்மன் கோயில் வாசல்ல, என் தங்கச்சி செல்வி கம்பத்துக்குத் தண்ணி ஊத்தலாமா கூடாதான்னு முடிவு சொல்லப் போறாங்க. சொல்லப் போறவர் கோயில் தர்மகர்த்தா. எங்க சொந்தத் தாய்மாமன். செல்விக்கு மாமனாரும் அவர்தான். கையைச் சும்மா வெச்சிருக்க முடியல, பாத்திரத்தை நிரப்பினேன்.

2

ஊர்ப் பேரைச் சொன்னா அங்கிருந்து படிக்கறவங்க சண்டைக்கு வந்துருவாங்க. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுல எங்கேயோன்னு வெச்சுக்குங்க. மேட்டுல இருக்கறது மேலூர், பள்ளத்துல இருக்கற எங்க ஊர் கீழூர்.

எங்க பக்கத்து ஆளுகளுக்குக் கம்பத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். மாரியம்மன் நோம்பி, அதான் திருவிழா, சாட்டி அறிவிச்சதும், மூணு கிளையாப் பிரியற மரமாப் பார்த்து வெட்டி, பட்டையை உரிச்சு, மஞ்சள் பூசி, கோயிலுக்கு முன்னால நடுவாங்க. அதுதான் கம்பம். அதைப் பிடுங்கித் தண்ணியில விடற வரைக்கும் காலையிலயும் பொழுதோடயும் பொம்பளைக மஞ்சச் சேலையை நனைச்சுக் கட்டிட்டு, வேப்பந்தழை போட்ட குடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்தணும். கம்பம் காயக் கூடாது. இன்னொண்ணு, கம்பம் நட்டுட்டா ஊர்க்காரங்க பகல்ல எங்க வேணும்னாலும் போகலாம்; இருட்டறதுக்குள்ள ஊர் எல்லைக்குள்ள வந்துரணும். ஈரோட்டுக்கு வேலைக்குப் போறவங்ககூட அந்த நாள்ல மத்தியானமே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவாங்க.

எங்க நோம்பி ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. போன நோம்பியப்போ செல்விதான் கீழூர்ப் பஞ்சாயத்துத் தலைவர். இப்பப் பதவிக்காலம் முடிஞ்சு போச்சு, தனி அலுவலர் பார்க்கறார். ஆனாத் தண்ணி வரலைன்னா இன்னமும் செல்வி ஊட்டுக் கதவைத்தான் தட்டறாங்க.

தண்ணின்னா எங்களுக்குக் காவேரித் தண்ணி. போர்வெல்ல வர்றது உப்பு, பருப்பு வேகாது. நாலு பஞ்சாயத்துக்கும் சேர்த்து ஒரே கூட்டுக் குடிநீர்த் திட்டம். பெரிய தொட்டி மேலூர் எல்லையில இருக்குது. அங்கிருந்து ஊருக்கு ஒரு வால்வு, முறை வெச்சுத் திறந்து விடணும். மேற்பார்வைக்கு நாலு தலைவர்களும் சேர்ந்த கூட்டுக் குழு. ஆளுக்கு ஒரு ஓட்டு, பேச்சுக்கு எல்லாருஞ் சமம். ஆனா வால்வு ரூமுக்குப் பூட்டு ஒண்ணு, சாவியும் ஒண்ணு. அது மேலூர்த் தலைவர் சென்னியப்பன் ஊட்டு ஆணியில தொங்கும்.

3

நான் இருக்கற இந்த ஜெர்மன் ஊர்லயும் அதே கதைதான்னு சொன்னா நம்ப மாட்டீங்க. எங்க சின்ன ஊருக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் தனித்தனி மேயர், தனித்தனி ஆபீஸ். தண்ணிக்கு மட்டும் எல்லாரும் தங்களோட அதிகாரத்துல ஒரு துண்டைக் கழட்டிக் குடுத்துப் பொதுவா ஒரு அமைப்பு வெச்சிருக்காங்க. ட்ஸ்வெக்வெர்பான்ட்னு பேரு. சொல்லி முடிக்கறதுக்குள்ள பல்லு ஆடிரும். அவங்க கூட்டத்துக்கு யார் வேணும்னாலும் வந்து உக்காரலாம்னு எழுதியிருந்தது. செல்வி பட்ட பாட்டுக்கு இவங்க என்ன மருந்து வெச்சிருக்காங்கன்னு பார்க்கலாம்னு போன மாசி மாசம் ஒரு நாள் போனேன். நான் வேலை பார்க்கற முதியோர் இல்லத்துச் சமையல்கட்டுல "அங்க எதுக்கு நீ போறே"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க.

மேயர்கள் எல்லாம் வரிசையா உக்காந்திருந்தாங்க. மேல்பக்கத்து ஊர் மேயர், வெள்ளைத் தாடிக்காரர், எந்திரிச்சார். எங்க கிணத்துல தண்ணி குறையுது, கோடையில எங்க ஜனங்களுக்குப் போகத்தான் மத்தவங்களுக்குன்னார். அட சாமி! வேட்டி கட்டாத சென்னியப்பன்! நான் நாற்காலி நுனிக்கு வந்துட்டேன். இப்பப் பாரு, மேசை பறக்கப் போகுதுன்னு.

ஒண்ணும் பறக்கல. ஓட்டுப் போட்டாங்க. தாடிக்காரர் தோத்தார். உக்காந்தார். முன்னால இருந்த பாட்டில்லிருந்து தண்ணி ஊத்திக் குடிச்சார். எனக்கு ஏமாத்தமாப் போச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன்.

பொதுமக்கள் கேள்வி கேக்கற நேரம் வந்தது. கையைத் தூக்கிட்டேன். "உங்க ஊர் வால்வு சாவி யார்கிட்ட இருக்குது?"ன்னு அந்தத் தாடிக்காரரைக் கேட்டேன். கேட்டதும் சபையில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறந்தான் உறைச்சது, ஜெர்மன்ல அவரை 'நீங்க'ன்னு சொல்லாம 'நீ'ன்னு கேட்டு வெச்சிருக்கேன். எங்க பக்கத்துல ஊட்டு நாயைக்கூட "போங்க"ன்னு விரட்டற ஜனம் நாங்க! இங்க வந்து மேயரை 'நீ'ன்னு சொல்றேன். முகமெல்லாம் சூடாயிருச்சு.

அவர் நல்ல மனுசன், சிரிச்சுட்டே பதில் சொன்னார். சாவின்னு ஒண்ணு எந்த ஊர்லயும் இல்லை, வால்வைத் திறக்கறது மூடறது எல்லாம் பொது அமைப்போட ஆளுக பார்த்துக்கறாங்க, மேயர் நெனச்சாலும் தொட முடியாதுன்னார். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அதையே நெனச்சுட்டு வந்தேன். அவர் ஓட்டுல தோத்ததும் உக்காந்தார்னா, அது குணத்துனால மட்டும் இல்லை. சாவி அவர் ஊட்டு ஆணியில இல்லை.

4

போன நோம்பிக்கு வர்றேன்.

மேலூர் நோம்பியும் எங்க நோம்பியும் ஒரே சித்திரையிலதான் வரும். அவங்க ஒரு வாரம் முன்னால கம்பம் நடுவாங்க, நாங்க பின்னால. கூட்டுக் குழுவுல சென்னியப்பன் கேட்டிருக்கார், "எங்களுக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் நெறைய வர்றாங்க அம்மிணி. உங்க முறைய எங்களுக்கு விட்டுக் குடுங்க. உங்க கம்பம் நட்டதும் எங்க முறையையும் சேர்த்து நீங்களே எடுத்துக்கங்க." நியாயமான பேச்சு. செல்வி விட்டுக் குடுத்துட்டா. மத்த ரெண்டு தலைவர்களும் தலையாட்டிட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு மேலூர்ப் பூசாரி ஊட்டுல ஒரு சாவு. தீட்டாயிப் போச்சு. அவங்க நோம்பி ஒரு வாரம் தள்ளிப் போச்சு. ஒரே செவ்வாக்கிழமை, ரெண்டு ஊர்லயும் கம்பம் நட்டாச்சு! விட்டுக் குடுத்த எங்க முறைத் தண்ணி ஏற்கெனவே மேலூருக்குப் போயிருச்சு, இந்த வாரத்து முறையையும் அவங்க விடல. திருப்பிக் கேட்டா சென்னியப்பன், "எங்க அம்மனுக்கு ஊத்தற தண்ணிய நிறுத்தி உங்க அம்மனுக்கு ஊத்தறதுங்களா? நல்லா இருக்குதுங்க அம்மிணி நீங்க சொல்றது"ன்னுட்டார்.

கீழூர்ல ஊட்டுக்கு ஊடு ஒறம்பரை. குழாயில காத்து. போர் மோட்டாரும் கொஞ்ச நேரம் உப்புத் தண்ணிய இழுத்துட்டு நின்னுருச்சு. கம்பத்துல பூசின மஞ்சள் வெயில்ல வெடிக்க ஆரம்பிச்சது. அதிகாரிகளுக்குப் போன் போட்டா, அது கூட்டுக் குழு முடிவு பண்ண வேண்டிய விஷயம்னாங்க. குழுவுக்குத் தலைவர் யாரு? சென்னியப்பன். "முறைய விட்டுக் குடுத்தவ நீதானே"ன்னு ஊரே செல்வியைத் திட்டுது. எளந்தாரிப் பசங்க கடப்பாரையைத் தூக்கிட்டாங்க.

"பூட்டை ஒடைக்க ரெண்டு நிமிசம் ஆகாது அக்கா"ன்னா செல்வி, போன்ல எங்கிட்ட. "ஒடைச்சா நாளைக்கு அவங்க குழாயை ஒடைப்பாங்க. அப்புறம் நாலு ஊருக்குங் கூட்டுன்னு ஒண்ணு இருக்காது. ஒவ்வொரு நோம்பிக்கும் கடப்பாரைதான்."

மத்தியானம் தாண்டி, எங்க தெருப் பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டா. கம்பத்துக்குக் குடம் எடுத்துப் போற பொம்பளைய எந்த ஊர்லயும் யாரும் மறிக்க மாட்டாங்க. இருந்த கொஞ்சத் தண்ணியில சேலை முந்தியை மட்டும் நனைச்சுக்கிட்டு, வெறுங்குடத்துல வேப்பந்தழையைப் போட்டுக்கிட்டு, மேலூருக்கு நடந்தாங்க. செல்வியோட பக்கத்து ஊட்டு மஞ்சுளா வீடியோ போட்டுக் குடுத்தா. நான் இங்க சமையல்கட்டுல உருளைக்கிழங்கு உரிச்சுட்டே பார்த்துட்டிருந்தேன்.

சென்னியப்பன் ஒரு வார்த்தை கடுசாப் பேசலைங்க. அதுதான் எனக்கு ஆத்தரம். "வாங்க அம்மிணி, நெழல்ல உக்காருங்க, மோர் கொண்டாரச் சொல்றேன். சாவிய யாரோ தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. சித்த இருங்க, வந்துரும்"னார். வால்வு ரூம் முன்னால நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டார். அப்பப்ப மேக்கால, எறங்கற பொழுதைப் பார்த்தார். எனக்குப் புரிஞ்சு போச்சு. இருட்டறதுக்குள்ள இவளுக எல்லை திரும்பியே ஆகணும். அது வரைக்கும் மோர் குடுத்தாப் போதும்!

"செல்வி, ஏமாத்தறாண்டி அவன்"னு நான் கத்தறேன். இங்க கூட வேலை செய்யறவங்க திரும்பிப் பார்க்கறாங்க.

பொழுது எறங்க எறங்கப் பொம்பளைக ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தாங்க. செல்வி எந்திரிச்சா. "நீங்க எல்லாம் கெளம்புங்க. நான் வாரேன்"னா. மஞ்சுளா கையில இருந்த போனை வாங்கிக்கிட்டா. அவங்க திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே போனாங்க. "அக்கா, எனக்குப் பயமா இருக்குது"ன்னா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. நான் என்னத்தச் சொல்றது? "இரு சாமி, நான் இருக்கறேன்"னேன். எங்கிருக்கறேன் நான்? ஏழு கடல் தாண்டி உருளைக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்துல.

போனைக் குடத்துமேல சாச்சு வெச்சுட்டு வால்வு ரூம் படியில உக்காந்தா. "அண்ணா, நான் இன்னைக்கு உங்க ஊர்லயே தங்கிக்கறேனுங்க. எங்க கம்பத்துக்குக் கட்டுப்பட்ட பொம்பளை உங்க எல்லையில ராத் தங்கினா உங்க கம்பத்துக்கு ஆகுமா ஆகாதான்னு பூசாரியக் கேட்டுக்குங்க."

சென்னியப்பன் நாற்காலியில இருந்து எந்திரிச்சுட்டார். அப்பத்தான் முதல் தடவையா அவர் முகத்துல ஈயாடல. அக்கம்பக்கம் சேதி பரவிருச்சு. மேலூர்ப் பொம்பளைக கூடிட்டாங்க. "ஏனுங், நம்மூருக்குத் தோஷத்தை ஏத்தப் பார்க்கறீங்களா?"ன்னு ஒரு கிழவி அவரைக் கேட்டுது. கும்பலை விலக்கிக்கிட்டு அவர் சம்சாரம் ருக்குமணியக்கா வந்தாங்க. கையில சாவி. தோட்டத்துக்கும் போகல, எங்கயும் போகல, ஆணியிலயேதான் தொங்கியிருக்குது. புருசனை ஏறிட்டும் பார்க்கல. செல்வி கையில வெச்சு, "தொறந்துட்டு ஓடு சாமி, இருட்டுது"ன்னாங்க.

வால்வு இறுகிப் போயிருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் திருகினாங்க. குழாய்க்குள்ள தண்ணி பாயற சத்தம் எனக்கு இங்க கேட்டுது. செல்வி குடத்தை இடுப்புல வெச்சுட்டு ஓடினா, எல்லைக்கல்லு வரைக்கும் ஓடினா. ஆனா அவ வந்து சேரும்போது இருட்டிருச்சு.

5

கீழூர்க் குழாயில தண்ணி கொட்டுது, கோயில் வாசல்ல மாமா நிக்கறார். "இருட்டுல எல்லை தாண்டி வந்தவ கம்பத்துக்குக் குடம் எடுக்கக் கூடாது"ன்னுட்டார். தன் ஊட்டு மருமகளை! அந்த நோம்பி முடியற வரைக்கும் செல்வி தெருக் குழாயில மத்தவங்க குடத்தை நிரப்பிக் குடுத்துட்டு ஓரமா நின்னா. நான் போனைப் போட்டு மாமாவை வாய்க்கு வந்தபடி கேட்டேன். வெச்சுட்டார். அன்னையிலிருந்து எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்லை.

அடுத்த கூட்டுக் குழுவுல செல்வி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்க. நாங்களும் சங்கிலியில ஒரு பூட்டைக் கோத்துக்கறோம்." எங்க பக்கத்துல பங்காளிக பொதுத் தோட்டத்துக் கேட்டுக்கு அப்படித்தான் போடுவாங்க. ஒரு பூட்டோட இன்னொரு பூட்டைக் கோத்துச் சங்கிலியை முடிச்சுட்டா, யார் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி அவுந்துரும். திறக்கறவங்க மத்த ஊர்களுக்குச் சேதி சொல்லிரணும், அவ்வளவுதான் ஏற்பாடு. இப்ப அந்தச் சங்கிலியில நாலு பூட்டுத் தொங்குது. சென்னியப்பனும் கையைத் தூக்கிட்டார். ஊட்டுல ருக்குமணியக்காகூட அவர் வாழணுமில்லீங்க.

கூட்டுன்னா ஆளுக்கொரு ஓட்டுன்னு நான் நெனச்சுட்டிருந்தேன். எம்பூட்டையும் உம்பூட்டையும் ஒரே சங்கிலியில கோக்கச் சம்மதிக்கறதுதான் கூட்டு. ஓட்டுப் போடறது சுலபம். சாவிய ஆணியிலிருந்து எடுக்கறதுதான் கஷ்டம், எந்த நாட்டுலயும்.

6

புதன்கிழமைக்கு வர்றேன். முந்தின நாள் கம்பம் நட்டாச்சு. மாமா சேதி சொல்லி அனுப்பியிருக்கார்: கோயில் முன்னால விழுந்து தப்புன்னு ஒத்துக்கிட்டா செல்வி குடம் எடுக்கலாம். "தண்ணி கொண்டாந்தது தப்புன்னு நான் எதுக்கு அக்கா விழணும்?"னு கேட்டா. குரல்ல அழுகை இல்லை, பிடிவாதம்தான். ஆனா இந்தத் தடவையும் ஓரமா நிக்கச் சொன்னா அவ உள்ளுக்குள்ள ஒடைஞ்சு போயிருவான்னு எனக்குத் தெரியும். இந்த ரெண்டு வருஷத்துல ஒரு விசேஷத்துலயும் அவ முன்வரிசையில நின்னு நான் பார்க்கல.

இங்க தண்ணி நின்னதும் தெரியல, திரும்பி வந்ததும் தெரியல. ரெண்டு மணிக்கு மேல மஞ்சுளா வீடியோ போட்டா. அங்க வெயில் தணிஞ்சிருந்தது. மேளம் அடிக்குது. பொம்பளைக குடத்தோட வரிசை கட்டியிருக்காங்க. செல்வி மஞ்சச் சேலையில, இடுப்புல குடத்தோட, வரிசைக்கு வெளிய நிக்கறா.

"என்ன அம்மிணி முடிவு பண்ணியிருக்கே?"ன்னார் மாமா.

செல்வி கோயில் முன்னால விழவும் இல்லை, குடத்தை இறக்கவும் இல்லை.

"சரி, மத்தவங்க ஊத்துங்க."

வரிசையில முதல் ஆளு மஞ்சுளா. போன் ஒரு ஆட்டம் ஆடுச்சு, டம்முனு சத்தம். குடத்தைக் கீழ வெச்சுட்டா. "செல்வி ஊத்தட்டுங்க. பொறகு நான் ஊத்தறேன்." அடுத்தவ வெச்சா. அதுக்கடுத்தவ. அன்னைக்கு மேலூருக்கு நடந்தவங்க எல்லாரும் வெச்சாங்க. நடக்காதவங்களும் வெச்சாங்க. மேளக்காரன் அடிக்கறதை நிறுத்திட்டான்.

"யாரைக் கேட்டு வெக்கறீங்க? எடுங்கறேன்!" மாமா துண்டை உதறறார். ஒருத்தியும் அசையல. தண்ணி நிரப்பின குடம் அத்தனையும் கம்பத்தைச் சுத்தித் தரையில இருக்குது, கம்பம் காஞ்சுட்டிருக்குது. இருட்டறதுக்குள்ள ஊத்தியாகணும். பூசாரி மெதுவா, "பொழுது எறங்குதுங்க"ன்னார்.

மாமா மேக்கால பார்த்தார். சென்னியப்பன் அன்னைக்குப் பார்த்த மாதிரியே. ஆனா இந்தத் தடவை பொழுது அவர் பக்கம் இல்லை. எனக்குப் பின்னால நிலா பையோட வந்து நின்னிருக்கா, நான் கவனிக்கல.

"ஏம்மா யாரும் ஊத்தல?"ன்னா. தமிழ்ல.

"சித்திக்காகக் காத்திருக்காங்க"ன்னேன்.

அவ என் தோளைப் பிடிச்சுக்கிட்டா. அங்க மாமா துண்டை எடுத்து மூஞ்சியத் தொடைச்சார். எவ்வளவு நேரம் தொடைச்சார்னு தெரியல. அப்புறம் கம்பத்தைப் பார்த்துட்டே, யாரையும் பார்க்காம, "ஊத்து சாமி"ன்னார்.

செல்வி நகரல. வரிசையத் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் குடத்தை எடுங்க, சேர்ந்து ஊத்தலாம்"னா. அத்தனை குடமும் ஒண்ணா எந்திரிச்சது. மேளம் பிடிச்சுக்கிச்சு. தண்ணி விழுந்த சத்தத்துல போன் கரகரன்னுது. கம்பத்துல மோதித் தெறிச்ச தண்ணியில செல்வி முழுக்க நனைஞ்சுட்டா. சிரிக்கறா. எத்தனை நாளாச்சு அந்தச் சிரிப்பைப் பார்த்து.

போன் திரும்பினப்ப மாமா மூஞ்சி தெரிஞ்சது, ரொம்பக் கிட்டத்துல. மஞ்சுளாகிட்டதான் கேக்கறார்.

"அதுல யாரு, பெரியவளா? இன்னும் எதுக்கு அழுதுட்டிருக்கா? அதான் தண்ணி ஊத்தியாச்சேன்னு சொல்லு."

நான் எங்கீங்க மாமா அழுகறேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரல. நிலா போனைக் கிட்ட இழுத்து, அவளுக்குத் தெரிஞ்ச தமிழ்ல, "தாத்தா, அம்மா அழுகறாங்க"ன்னு சொல்லிட்டா.